நன்றி வரியில் இருப்பவர்கள்

ஆராய்ச்சிக் கட்டுரைகளின் கடைசியில் நன்றி என்று ஒரு சின்னப் பகுதி இருக்கும். நிதி கொடுத்த அமைப்பு, கருவியை இரவல் தந்த பக்கத்து ஆய்வகம், கணக்குப் பார்த்துக் கொடுத்த நண்பர் என்று வரிசையாகப் போய், முடிவில் "இந்த ஆய்வில் பங்கேற்ற குடும்பத்தினருக்கு நன்றி" என்று ஒரு வரி வரும். நிதி கொடுத்தவர்களைத் திட்ட எண்ணோடு குறிப்பிட்டாக வேண்டும். குடும்பத்துக்குப் பெயர் கிடையாது. இருக்கவும் கூடாது, அது அவர்களுடைய அந்தரங்கம். ஆனால் பெயரை எடுக்கும்போது கூடவே மற்ற எல்லாமும் போய்விடுகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. இரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று, கண்டுபிடித்ததை யாராவது அவர்களிடம் உட்கார்ந்து சொன்னார்களா, சொன்ன பிறகு மருந்து கிடைத்ததா? எதுவும் அந்த வரியில் இல்லை. மும்பையில் பரேல் பக்கம் ஓர் ஆய்வகத்தில் இத்தனை காலம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெறுகிற வயதில் என் வேலையைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஒரு வரியில் வந்துதான் முட்டிக்கொள்கிறேன்.

என் வேலை என்பது ஒரு பெப்டைடும், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலியும், அதைப் பற்றிக்கொள்கிற புரதமான அதன் ஏற்பியும். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரிக்கு "வளர்ச்சி ஹார்மோனை வெளியே விடு" என்று சொல்லி அனுப்புகிற மூலக்கூறு ஜிஹெச்ஆர்ஹெச். அதைக் கேட்டுக்கொள்ள பிட்யூட்டரி செல்லின் சவ்வில் ஓர் ஏற்பி இருக்கிறது. கேட்டதும் செல்லுக்குள்ளே செய்தியைக் கடத்துகிற சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு ஏறும், வளர்ச்சி ஹார்மோன் வெளியே வரும், அது கல்லீரலுக்கும் எலும்புக்கும் போய்ச் சேரும், குழந்தை வளரும். இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியில் மட்டும் நான் வாழ்நாளைக் கழித்திருக்கிறேன். எனக்கு அது போதுமானதாகவே இருந்தது.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட இருவரும் 2024-இல் காலமானார்கள். பிப்ரவரியில் ரோஜர் கில்லெமின், வயது 100. அக்டோபரில் ஆண்ட்ரூ ஷாலி, வயது 97. ஹைப்போதலாமஸ் பெப்டைட் வழியாகத்தான் பிட்யூட்டரியை ஆள்கிறது என்று நிரூபித்ததற்காக 1977-இல் ரோசலின் யாலோவோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். அஞ்சலிக் குறிப்புகள் எல்லாம் இருவருக்கும் நடந்த போட்டியைப் பற்றித்தான் பேசின. படிக்கச் சுவாரசியமான கதைதான். எனக்கு எப்போதும் மனதில் நிற்பது வேறு. கில்லெமினுக்கு ஆட்டு மூளைகள், ஷாலிக்குப் பன்றி மூளைகள். இறைச்சிக்கூடங்களிலிருந்து லட்சக்கணக்கில் வந்த ஹைப்போதலாமஸ் துண்டுகளை அரைத்து, வடித்து, பிரித்து, கடைசியில் கையில் மிஞ்சியது சில மில்லிகிராம். அதிலிருந்து 1969-இல் தைராய்டைத் தூண்டும் டிஆர்ஹெச்சின் அமைப்பு தெரிந்தது. வெறும் மூன்றே அமினோ அமிலங்கள்.

வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டுகிற பெப்டைட் மட்டும் அந்த வழியில் அகப்படவில்லை. அதைத் தேடிப் போனவர்களுக்கு 1973-இல் கிடைத்தது அதற்கு நேர் எதிரான சோமாடோஸ்டாட்டின். வளர்ச்சி ஹார்மோனை நிறுத்துகிற 14 அமினோ அமிலப் பெப்டைட். ஹைப்போதலாமஸ் சாற்றில் இரண்டும் கலந்திருப்பதால் தூண்டுகிறதை நிறுத்துகிறது மறைத்துக்கொண்டிருந்தது. அப்புறம் வந்தது வர்ஜீனியாவில் ஓர் இளம்பெண்ணின் கதை. அவருக்கு அக்ரோமெகலி; வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்து கை, கால், முக எலும்புகள் பெருத்துக்கொண்டே போகும் நோய். வழக்கமாக பிட்யூட்டரியில் கட்டி இருக்கும் என்பதால் அங்கே அறுவை செய்தார்கள். கட்டி இல்லை. செல்கள் மட்டும் எக்கச்சக்கமாகப் பெருகியிருந்தன. வெளியிலிருந்து ஏதோ ஒன்று தூண்டிக்கொண்டே இருக்கிறது என்று மைக்கேல் தார்னரின் குழு தேடிப் போய், கணையத்தில் ஒரு கட்டியைக் கண்டுபிடித்தது. அதை எடுத்த உடனே ஹார்மோன் இறங்கிவிட்டது. அந்தக் கட்டி கலிஃபோர்னியாவில் சால்க் நிறுவனத்துக்கு, வைலி வேல் குழுவுக்குப் போனது. பிரான்சில் இன்னொரு நோயாளியின் கட்டி அதே வளாகத்தில் கில்லெமின் குழுவுக்குப் போனது. 1982-இல் இருவரும் வெளியிட்டார்கள். ஒருவருக்கு 40 அமினோ அமிலம், மற்றவருக்கு 44. மனித ஹைப்போதலாமஸில் இருப்பதும் இதே பெப்டைட்தான் என்று பிறகு உறுதியாயிற்று. டன் கணக்கில் விலங்கு மூளைகளை அரைத்தும் வராத ஒன்று, இரண்டு நோயாளிகளின் உடம்பிலிருந்து வந்தது.

எங்கள் துறையில் எதை எடுத்தாலும் இப்படித்தான், யாரோ ஒருவரின் உடம்பில் போய் முடியும். ஏற்பிகளை வைத்துப் பரிசோதிக்க நாங்கள் தினமும் வளர்க்கிற ஹெச்இகே293 செல்கள், 1973-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஒரு கருவின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்தவை. எங்கள் இன்குபேட்டரில் அவை இன்னமும் பெருகிக்கொண்டுதான் இருக்கின்றன.

எதுவும் நடக்காத குழிகள்

நான் ஆராய்ச்சிக்கு வந்தபோது ஜிஹெச்ஆர்ஹெச் புதுப் பெப்டைட். 44-இல் முதல் 29 இருந்தாலே வேலை நடக்கும் என்று தெரிந்திருந்தது. இரத்தத்தில் விட்டால் சில நிமிடங்கள்கூடத் தாக்குப்பிடிக்காது, டிபிபி-4 என்ற நொதி முதல் இரண்டு அமினோ அமிலங்களை நறுக்கிவிடும், அப்புறம் மீதி 42 இருந்தும் பயனில்லை என்பது பின்னால் தெரிந்தது. ஓர் அமினோ அமிலத்தை மாற்றிப் பார்ப்பது, ஏற்பியோடு எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று அளப்பது, இதுதான் எங்கள் நாள். அப்போதெல்லாம் கதிரியக்க அயோடின்-125-ஐ வைத்து அளப்போம். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 60 நாள். குப்பி வந்து இறங்கிவிட்டால் வீட்டில் கல்யாணமே இருந்தாலும் ஆய்வகத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். எலியின் பிட்யூட்டரி 10 மில்லிகிராம் அளவுதான் இருக்கும். அதிலிருந்து செல்களைப் பிரித்து உயிரோடு வைத்திருப்பதே ஒரு கைப்பழக்கம்.

1992-இல் ஏற்பியின் மரபணு கையில் கிடைத்ததும் வேலையின் முகமே மாறிவிட்டது. எலியை விட்டுவிட்டு, மனித ஏற்பியை ஹெச்இகே செல்லில் ஏற்றி, செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி கூடினால் ஒளிர்கிற மாதிரி லூசிஃபெரேஸ் மரபணுவையும் கூடவே வைத்து, 96 குழி தட்டில் வரிசை வரிசையாகப் பார்க்கலாம். பெப்டைடை விட்டால் கருவி ஒளியை எண்ணிச் சொல்லும். இந்த மாதிரிச் சோதனையில், வேலை செய்யாது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றும் தட்டில் இருக்க வேண்டும். அப்போதுதான் மற்ற குழிகளில் தெரிகிற ஒளியை நம்பலாம். எங்களுக்கு அது இ72எக்ஸ். ஏற்பியின் 72-ஆவது அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் மரபணுவில் ஓர் எழுத்து மாறி, ஜிஏஜி என்பது டிஏஜி ஆகி, 'இங்கே நிறுத்து' என்ற கட்டளையாகிவிட்ட வடிவம். முழு ஏற்பிக்கு 423 அமினோ அமிலம். இது 72-க்கு முன்பே நின்றுவிடும், சவ்வுக்கே போய்ச் சேராது. மைனஸ் 80 ஃப்ரீசரில் ஒரு சின்னப் பெட்டியில் அதன் டிஎன்ஏ இருந்தது. தட்டின் கடைசி வரிசை எப்போதும் அதற்குத்தான். எவ்வளவு பெப்டைட் ஊற்றினாலும் அந்த வரிசையில் ஒன்றும் நடக்காது. வரைபடத்தில் அடிக்கோட்டோடு ஒட்டிக்கொண்டு ஒரு கோடு போகும். அந்தக் கோடு தட்டையாக இருந்தால் சோதனை சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். வருடக்கணக்கில் அந்தத் தட்டைக் கோட்டைப் பார்த்து நிம்மதிப்பட்டவள் நான்.

அந்தப் பிறழ்வு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியாததல்ல. 1996-இல் இந்திய வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் முதன்முதலில் கண்டறியப்பட்டது. மிகக் குட்டையாக இருந்த, சொந்தத்துக்குள் மணந்தவர்களுக்குப் பிறந்த ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள் இருவர். அதற்கு முன்பே 'லிட்டில்' என்று பெயரிட்ட ஒரு சுண்டெலி வகையில் இதே ஏற்பி கெட்டிருப்பது தெரியும் என்பதால், அதை வைத்து மனிதர்களிலும் தேடினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இதே எழுத்து மாற்றத்தோடு ஒரு பெரிய சமூகமே இருப்பது தெரியவந்தது. அங்கே வளர்ந்த ஆண்களின் சராசரி உயரம் 130 சென்டிமீட்டர். 1998-இல் இலங்கையில் ஒரு தமிழ்க் குடும்பம். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாட்டுக் குடும்பங்களில் அந்த மரபணுவைச் சுற்றியிருக்கிற அடையாளங்களை ஒப்பிட்டு 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒருவரையொருவர் பார்த்தே இராத அந்த மூன்று குடும்பத்துக்கும் இந்த எழுத்து ஒரே பழைய மூதாதையிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று அது காட்டியது. மும்பை மருத்துவமனைகளில் பார்த்தபோது மேற்கிந்தியக் குழந்தைகளிலும் இதே எழுத்து திரும்பத் திரும்ப வந்தது. இதையெல்லாம் வகுப்பில் பாடமாகவே எடுத்திருக்கிறேன். ஆனாலும் ஃப்ரீசரில் இருந்த பெட்டியையும், பேருந்துக்காக சயானில் நிற்கும்போது என் பக்கத்தில் நிற்கக்கூடிய ஒரு குழந்தையையும் சேர்த்து நினைத்ததே இல்லை. சேர்த்து நினைக்க வைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு.

சிவப்பும் கறுப்பும்

பக்கத்து மருத்துவமனை ஒன்றில் குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவர், மராத்திக்காரர், எங்களோடு சேர்ந்து ஆய்வு செய்கிறவர். ஒரு நாள் கூப்பிட்டு, தாராவியிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வருகிறது, மரபணுச் சோதனை முடிவைச் சொல்ல வேண்டும், அம்மாவுக்கு இந்தி சரியாக வராது, கூட வந்து உட்கார முடியுமா என்று கேட்டார். சரி என்று போனேன்.

பெண்ணுக்கு ஒன்பது வயது. உயரம் 96 சென்டிமீட்டர். அது நான்கு வயதுகூட ஆகாத குழந்தையின் உயரம். ஆனால் அவள் நாலாம் வகுப்பு படிக்கிறாள், முகத்தில் ஒன்பது வயதுக்கான கெட்டிக்காரத்தனம் அப்படியே இருந்தது. குரல் மட்டும் கீச்சென்று மெல்லியது. உடம்பு அளவாக, எல்லாம் சிறியதாக இருந்தது. ஏற்கனவே வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டிவிடுகிற குளோனிடின் என்ற மருந்தைக் கொடுத்து அரை மணிக்கு ஒரு தடவை இரத்தம் எடுத்துப் பார்த்திருந்தார்கள். வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுக்கச் சீராகச் சுரப்பதில்லை, அலை அலையாகத்தான் வரும், ஆழ்ந்த தூக்கத்தில்தான் பெரிய அலை வரும். அதனால் ஒரு தடவை இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எதுவும் சொல்ல முடியாது, தூண்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அவளுக்குத் தூண்டியும் ஒன்றும் வரவில்லை. ஸ்கேனில் பிட்யூட்டரி சின்னதாக இருந்தது. ஜிஹெச்ஆர்ஹெச்சின் குரல் கேட்டால்தான் அந்தச் செல்கள் பெருகவும் செய்யும்.

அப்பா சைக்கிளில் இட்லி விற்கிறவர். சொந்த ஊர் வள்ளியூர் பக்கம். அவர் மடியில் பெண் உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் மேசையில் மூன்று தாள்களை விரித்தார். மரபணுவைப் படித்த வரைபடங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிறத்தில் ஒரு முகடு: ஏ பச்சை, சி நீலம், ஜி கறுப்பு, டி சிவப்பு. பெண்ணின் தாளில் அந்த இடத்தில் ஒரே ஒரு சிவப்பு முகடு நின்றது. அப்பா தாளிலும் அம்மா தாளிலும் அதே இடத்தில் கறுப்பும் சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக, பாதி உயரத்தில். நான் அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, ஒவ்வொருவருக்கும் இந்த மரபணு இரண்டு பிரதி இருக்கும், ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து என்று ஆரம்பித்தேன். முடிக்கும் முன் அவர் குனிந்து மூன்று தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க ரெண்டு பேர்ட்டயும் ரெண்டு நெறமும் இருக்கு. பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் செவப்பே வந்துட்டு. அதான மேடம்?"

அதேதான். முதுகலை வகுப்பில் இதைப் புரியவைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அக்கா மவளத்தான் கட்டியிருக்கேன். அதனாலயா மேடம்?" என்று கேட்டார். மனைவி தலை நிமிரவில்லை. இந்தக் கேள்விக்குப் பாதிப் பொய் சொல்லக் கூடாது, பாதி உண்மையும் சொல்லக் கூடாது. இந்தச் சிவப்பு எழுத்து உங்கள் பரம்பரையில் ரொம்ப காலமாக இருந்திருக்கும், ஒரு பிரதி மட்டும் இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, வெளியேயும் தெரியாது, சொந்தத்தில் கட்டும்போது இரண்டு பேரிடமும் அதே எழுத்து இருக்க வாய்ப்பு அதிகம், அப்படி இருந்தால் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு இப்படி ஆகலாம் என்று சொன்னேன். வெளியே கட்டியவர்களுக்கும் வரும், சொந்தத்தில் கட்டிய பல பேருக்கு வருவதும் இல்லை என்றும் சொன்னேன். உங்கள் வீட்டில் அடுத்த கல்யாணம் பேசும் முன் இரண்டு பேருக்கும் இதே சோதனையைச் செய்து பார்த்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னதையும் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

அப்போதுதான் அந்த அம்மா வாயைத் திறந்தார். "மசக்கையில எனக்கு ஒண்ணுமே எறங்கல. நா சரியா சாப்பிடாததுனாலதான் பிள்ள வளரலன்னு சொல்லுதாங்க." யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. பிறந்தபோது எடை எவ்வளவு என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து பிரசவ அட்டையை எடுத்துக் கொடுத்தார். 2.9 கிலோ. ஒன்பது வருடமாக அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறார், அதில் அவருக்குச் சாதகமான சாட்சி இருக்கிறது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. இந்தக் குறை உள்ள குழந்தைகள் பிறக்கும்போது சரியான எடையோடும் நீளத்தோடும்தான் பிறப்பார்கள், வயிற்றில் வளர்வதற்கு இந்த ஹார்மோன் தேவையில்லை, பிறந்த பிறகுதான் தேவை, நீங்கள் சாப்பிட்டதற்கும் சாப்பிடாததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன். "அப்ப அது இல்லையா மேடம்?" என்றார். இல்லை என்றேன். கணவர் பக்கம் திரும்பி, "கேட்டியளா?" என்றார். மறுபடி என்னிடம் திரும்பி, "எங்க ஆச்சிட்ட ஒரு தடவ நீங்க ஃபோன்ல சொல்லுதியளா?" என்றார். அந்த அறையிலிருந்தே ஊருக்குப் போன் போட்டு அந்த ஆச்சியிடம் சொன்னேன்.

பெண் இவ்வளவு நேரமும் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதே மாதிரி வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டாள். சிந்துவில் இருக்கிறார்கள், இலங்கையில் தமிழ் பேசுகிற ஒரு குடும்பத்தில் இருக்கிறார்கள், இங்கே மும்பையிலேயே இருக்கிறார்கள் என்றேன். "அவங்கல்லாம் எங்களுக்குச் சொந்தமா?" என்றாள். ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால் சொந்தமாக இருந்திருக்கலாம் என்றேன். விஞ்ஞானமாகவும் அது சரியான பதில்தான்.

ஆய்வகத்துக்குத் திரும்பிய பிறகு அந்தக் கடைசி வரிசைக் குழிகளை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. சோதனை மாறவில்லை, இன்றும் இ72எக்ஸ்தான் எங்கள் தட்டில் இருக்கிறது. ஆனால் அந்தத் தட்டைக் கோடு இப்போது எனக்கு ஓர் உயரத்தையும் ஒரு குரலையும் ஞாபகப்படுத்துகிறது. சக விஞ்ஞானிகள் சிலர் இது தேவையில்லாத சுமை என்று நினைக்கிறார்கள். மருத்துவர் மருத்துவரின் வேலையைச் செய்யட்டும், நாம் மூலக்கூறைப் பார்ப்போம், நெருங்கிப் போனால் நம் கண் மறைந்துவிடும், போலி நம்பிக்கை கொடுத்துவிடுவோம் என்பது அவர்கள் வாதம். மதிக்க வேண்டிய வாதம்தான், பல நாள் யோசித்தேன். ஆனால் அந்த அறையில் நான் கொடுத்தது நம்பிக்கை அல்ல, தகவல். ஒன்பது வருடமாக அந்த அம்மாவுக்குச் சேர வேண்டியிருந்த தகவல், 1990-களிலேயே அச்சில் வந்துவிட்ட தகவல். ஒரு குடும்பத்தின் இரத்தத்தை வைத்து வேலை செய்கிற எந்த ஆய்வு மாணவரும், மருத்துவரோடும் குடும்பத்தின் சம்மதத்தோடும், ஒரு தடவையாவது எதிரே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. என் மாணவர்கள் எல்லோரையும் அனுப்புகிறேன்.

ஊசி யாருக்கு

இந்தப் பெண்ணின் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. கேட்கிற காது கெட்டிருந்தாலும், கேட்டுவிட்டுச் செய்ய வேண்டிய வேலையை நாம் வெளியிலிருந்து செய்துவிடலாம். வளர்ச்சி ஹார்மோனையே ஊசியாகப் போட்டால் ஏற்பியைத் தாண்டிப் போய்விடுகிறது. இந்தப் பிறழ்வு உள்ள குழந்தைகள் அதற்கு நன்றாகவே வளர்கிறார்கள். ஆனால் எலும்பு நீள்கிற இடமான வளர்தட்டு மூடுவதற்குள் போட வேண்டும். மூடிவிட்டால் எந்த ஹார்மோனும் உயரத்தைக் கொடுக்காது.

இந்த ஊசிக்கும் ஒரு பின்கதை உண்டு, அதிலும் உடம்புகள்தான். 1950-களின் இறுதியிலிருந்து 1985 வரை வளர்ச்சி ஹார்மோன் இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்துதான் எடுக்கப்பட்டது. குரங்கு, மனிதன் தவிர வேறு விலங்கின் ஹார்மோன் நம்மிடம் வேலை செய்யாது. ஒரு பிட்யூட்டரி அரை கிராம்தான் இருக்கும் என்பதால் ஒரு குழந்தைக்கே பல பேருடைய சுரப்பி வேண்டும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 7,700 குழந்தைகள் அரசுத் திட்டத்தில் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டார்கள். அவர்களில் சிலருக்குப் பல வருடம் கழித்து மூளையை அழிக்கும் க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் நோய் வந்தது. யாரோ ஒருவரின் சுரப்பியில் அது இருந்திருக்கிறது. 1985-இல் அந்த விநியோகம் நின்றது. அதே ஆண்டு, பாக்டீரியாவில் தயாரித்த ஹார்மோனுக்கு அங்கே அனுமதி கிடைத்தது. இன்று நாம் போடுகிற ஊசி அந்த வழியில் வந்தது. தட்டுப்பாடு தீர்ந்தது, விலை தீரவில்லை.

செம்பூரில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று தெரிந்தவர்கள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். பையன் ஐந்தடி நாலு, இரண்டு இஞ்ச் ஏற்ற முடியுமா? பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பிக்கும் முன் ஏதாவது செய்யலாமா? பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இருக்காது, பெற்றோர் இருவருமே அதே உயரம்தான் இருப்பார்கள். 2003-இல் அமெரிக்காவில், காரணம் தெரியாமல் மிகக் குட்டையாக இருக்கும் குழந்தைகளுக்கும் இந்த ஹார்மோனை அனுமதித்தார்கள். அதை வைத்து இங்கேயும் கேட்கிறார்கள். அந்த அனுமதியே மிக மிகக் குட்டையான குழந்தைகளுக்குத்தான். அவர்களுக்கே பல வருடம் தினமும் ஊசி போட்டு, சராசரியாகக் கிடைப்பது சில சென்டிமீட்டர். ஆரோக்கியமான ஒரு பையனை ஆயிரக்கணக்கான ஊசிகளால் குத்தி, உன்னிடம் ஏதோ சரியில்லை என்று அவனை நம்பவைத்து, அதற்கு லட்சக்கணக்கில் செலவும் செய்வது எனக்குச் சம்மதமில்லை. கேட்கிறவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன். சிலர் அதற்கப்புறம் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

அதே ஊரில், சில கிலோமீட்டர் தள்ளி, உண்மையிலேயே தேவைப்படுகிற குழந்தைக்கு ஊசி வாங்க அலைந்த கதையும் எனக்குத் தெரியும். 2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையில், நிரூபிக்கப்பட்ட வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டுக்கான சிகிச்சை இரண்டாவது பிரிவில் இடம்பெற்றிருக்கிறது. பட்டியலில் ஏறியது பெரிய விஷயம்தான். ஆனால் தாராவியில் இருக்கும் ஒரு வீட்டுக்கு மாதாமாதம் மருந்து வந்து சேர, மருத்துவமனையின் சமூகப் பணியாளர் ஒருவர் அறக்கட்டளை அறக்கட்டளையாக விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது, இடையில் பணம் வராத மாதங்களில் மருந்து நின்றும் போனது. அவளுடைய உயரத்தைக் குறிக்கும் வரைபடத்தில் அந்த மாதங்கள் அப்படியே தெரிகின்றன. ஊசிப் பேனாவைக் குளிரில் வைக்க வேண்டும். நல்ல வேளையாக அந்த வீட்டில் மாவுக்காக ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது, அதன் கதவில் பேனா இருக்கிறது. ராத்திரி மாவு ஆட்டி முடித்ததும் அப்பாதான் ஊசி போடுகிறார். முதல் வருடத்தில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டாள். வாரம் ஒரு முறை மட்டும் போடுகிற வகைகள் வந்துவிட்டன, ஆனால் அவை இன்னும் இந்த வீட்டுக்கு எட்டவில்லை.

நன்றி என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், நான் காட்டுவது அந்த விண்ணப்பங்களைத்தான். கணையக் கட்டியைக் கொடுத்த இளம்பெண்ணுக்கோ, 1996-இல் இரத்தம் கொடுத்த குடும்பத்துக்கோ நாம் இனி எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. அதே எழுத்தைச் சுமந்துகொண்டு இன்று வளர்ந்துகொண்டிருக்கிற குழந்தைக்குக் கொடுக்கலாம். ஆய்வுத் திட்டத்துக்குப் பணம் கேட்கும்போதே, கண்டுபிடிக்கப்படுகிற குழந்தைகளுக்கு வளர்தட்டு மூடும்வரை மருந்து என்று ஒரு தலைப்பையும் சேர்க்க வேண்டும் என்று எல்லாக் கூட்டங்களிலும் சொல்லி வருகிறேன். அது ஆராய்ச்சிச் செலவில் வராது என்கிறார்கள். வரும் என்றுதான் நான் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கிடையில் அந்த அப்பா ஒரு வேலை செய்தார். அவருடைய இன்னோர் அக்கா வீட்டில், ஊரில், பதினோரு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். போகப் போக வளருவான் என்று விட்டுவிட்டார்களாம். இவர் போன் செய்து, பையனைச் செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நிற்க வைத்து, குதிகால் சுவரில் படுகிறதா என்று பார்த்து, தலைமேல் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தட்டையாக வைத்துக் கோடு போடச் சொல்லியிருக்கிறார். எங்கள் மருத்துவர் அவருக்குக் காட்டிக்கொடுத்த முறை. பள்ளி வயதுக் குழந்தை வருடத்துக்கு நாலைந்து சென்டிமீட்டர்கூட வளரவில்லை என்றால் உடனே காட்ட வேண்டும் என்பதையும் அவரே அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். பையன் 104 சென்டிமீட்டர். இடது கை எக்ஸ்ரேயை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். எலும்பு வயது ஏழு என்று வந்திருக்கிறது. வளர்தட்டுகள் நன்றாகத் திறந்திருக்கின்றன, சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்று மருத்துவர் சொன்னார். நாகர்கோவில் மும்பை ரயிலில் டிக்கெட் போட்டாயிற்று.